ஹென்போனை வாங்கினா தட்டு பறக்குது, எட்டு வயசு மகனை எப்படி சமாளிக்கிறது டாக்டர்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீட்டுல இருக்கோம். வீட்டுக்காரருக்கு செம்பனை ஆலையில ஷிப்ட் வேலை. மகன் தமிழ்ப்பள்ளியில ரெண்டாம் ஆண்டு. ஏழெட்டு மாசமா எது சொன்னாலும் முடியாதுங்கறான், ஹென்போனை வாங்கினா தட்டு நாற்காலி எல்லாம் பறக்குது, தங்கச்சிய அடிக்கிறான், என்னை கெட்ட வார்த்தையில திட்டுறான். சத்தம் தாங்காம சில நாள் போனை திருப்பி குடுத்துடுறேன். அப்பா ரோத்தான் பிரம்பை எடுத்தா அன்னைக்கு அடங்குவான், மறுநாள் இன்னும் மோசம். மாமியார் கோயில்ல கயிறு கட்டிட்டாங்க, டாக்டர்கிட்ட போனா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்கன்னு பயப்படுறாங்க.

பதில்: அம்மா, முதல்ல உங்க மாமியாருக்கு பதில் சொல்லிடுறேன். தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி 1911ல திறந்தது, அந்த பேரை சொல்லியே புள்ளைங்கள மிரட்டின காலம் இருந்துச்சு, அந்த பயம் இன்னும் போகல. கோவப்படுற பையனை காட்டப் போனதுக்காக யாரும் புடிச்சு பூட்டி வைக்கமாட்டாங்க, உங்ககிட்ட பேசுவாங்க, அவன்கூட விளையாடிக்கிட்டே பேச்சு குடுப்பாங்க, டீச்சர் என்ன சொல்றாங்கன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். கயிறு கையிலயே இருக்கட்டும், அது அவங்களுக்கு ஆறுதல், ஆனா அதோட நின்னுடாதீங்க.

இந்த மாதிரி கோவமும் வீம்பும் எதிர்ப்பேச்சும் 6 மாசத்துக்கு மேல நீடிச்சு, அஞ்சு வயசு தாண்டின புள்ளைக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்தா ஓ.டி.டி.ங்கற, எதையும் எதிர்த்து மீறுற நடத்தைப் பிரச்சனையா இருக்குமான்னு நாங்க பார்ப்போம். கூடப்பிறந்தவங்ககிட்ட மட்டும் சண்டைன்னா அந்த கணக்குல வராது. உங்க கடிதத்தை படிச்சிட்டு இதுதான்னு நான் பேர் வைக்கமாட்டேன், ஏன்னா அடியில வேற ஏதாவது இருக்கலாம். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் அளவுக்கு மீறின துறுதுறுப்பும் இருக்கற புள்ளைக்கு செய்யறதை பாதியில நிறுத்தறதே கஷ்டம், வாசிக்க வராத புள்ள வகுப்புல நாள் முழுக்க அவமானத்தை அடக்கி வச்சிருந்து வீட்டுல வந்து கொட்டும். காது சரியா கேக்குதா, ராத்திரி குறட்டை விடறானான்னும் பாருங்க. இந்த வயசுல 9 மணி நேரமாவது தூங்கணும், அப்பாவோட நைட் ஷிப்டால வீடே முழிச்சிருந்து காலையில பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினா எந்த புள்ளையும் சிடுசிடுன்னுதான் இருக்கும்.

நீங்க எழுதினதுல எனக்கு பெருசா பட்டது, சத்தம் தாங்காம போனை குடுத்துடுறேன்னு சொன்னீங்களே, அதுதான். நீங்க வேணாம்னு சொல்றீங்க, அவன் கத்துறான், நீங்க குடுக்கறீங்க, சத்தம் நின்னுடுது, அப்போ கத்தினா கிடைக்கும்னு அவன் கத்துக்கறான், குடுத்தா அமைதின்னு நீங்களும் கத்துக்கறீங்க. அமெரிக்காவுல ஓரிகன்ல ஜெரால்ட் பேட்டர்சன்னு ஒரு உளவியலாளர், வீட்டுக்குள்ளயே குடும்பங்களை கவனிச்சு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி இந்த சுழலத்தான் விளக்கினார். ரோத்தானும் இதே சுழல்தான், பலம் இருக்கறவன் அடிச்சா காரியம் நடக்கும்னு பையன் பார்க்கறான், அப்புறம் தன்னைவிட சின்னவ தங்கச்சி மேல அதை காட்டறான். தயவுசெஞ்சு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ரோத்தானை தூக்கி போடச் சொல்லுங்க.

அவன் வெடிக்கிற நேரத்துல எந்த புத்திமதியும் உள்ள போகாது. தங்கச்சிய கூட்டிட்டு தள்ளி போயிடுங்க, எறியற சாமானை எடுத்து வைங்க, ஒரே வார்த்தையில "இப்ப போன் இல்ல"ன்னு சொல்லிட்டு அமைதியா இருங்க. உண்மையான வேலை அவன் நல்லா இருக்கற நேரத்துலதான் இருக்கு. சாயங்காலம் மைலோ குடிச்சிட்டு உக்காந்திருக்கும்போது, போனை வைக்க சொன்னா உனக்கு எது கஷ்டமா இருக்குன்னு கேளுங்க, குறுக்க பேசாம கேளுங்க. கேம் பாதியில நிக்குது, அதான் கோவம்னு சொன்னான்னா, ஆட்டம் முடியற இடத்துல வைக்கலாம், ஆனா எட்டு மணி தாண்டக்கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கலாம். 10 நிமிஷம் முன்ன ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. சொன்னபடி வச்சிட்டான்னா உடனே, "எட்டு மணிக்கு நீயே வச்சிட்டியே, அம்மாவுக்கு சந்தோஷமா இருக்கு"ன்னு எதுக்காக பாராட்டறீங்கன்னு தெரியற மாதிரி சொல்லுங்க. இப்போதைக்கு போன் விஷயம், அடிக்கிற விஷயம் ரெண்டை மட்டும் புடிச்சுக்குங்க, சட்டைய மடிக்கல, மூஞ்ச தூக்கி வச்சிருக்கான், அதெல்லாம் விட்டுடுங்க. தினமும் 10 நிமிஷம் அவன் சொல்ற விளையாட்டை அவன்கூட விளையாடுங்க, அன்னைக்கு தப்பு பண்ணியிருந்தாலும் இதை வெட்டாதீங்க.

நீங்க போனை குடுக்காம நிக்க ஆரம்பிச்சதும் கொஞ்ச நாளைக்கு கத்தல் இன்னும் அதிகமாகும். அப்போ பலிக்கலன்னு நினைச்சு பாதியில குடுத்துட்டா, இன்னும் பெருசா கத்தினாத்தான் கிடைக்கும்னு ஆயிடும். அதனால பாட்டி, அப்பா, நீங்க மூணு பேரும் முதல்லயே ஒரே பேச்சா பேசி வச்சுக்குங்க, பாட்டி இரக்கப்பட்டு அவங்க போனை நீட்டினா எல்லாம் வீணாயிடும்.

வர்ற வாரமே கிளினிக் கெசிஹாத்தான்ங்கற அரசாங்க கிளினிக்குக்கு போங்க, 1 ரிங்கிட்தான். டீச்சர்கிட்ட ஒரு சின்ன கடிதம், அவனோட எழுத்து நோட்டு ரெண்டு கொண்டு போங்க, எப்போ வெடிச்சான், அதுக்கு முன்ன என்ன நடந்துச்சுன்னு ஒரு வாரத்துக்கு எழுதி வச்சதும் இருந்தா நல்லது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பற சூராட் (கடிதம்) வேணும்னு நீங்களே கேளுங்க. எதிர்ப்பேச்சுக்குன்னு மாத்திரை கிடையாது, ஆனா ஏ.டி.எச்.டி. இருக்குன்னு தெரிஞ்சா மருந்து உண்மையிலயே உதவும், பயப்படாதீங்க. செத்துடுவேன்னு சொன்னாலோ கத்திய கையில எடுத்தாலோ தேதி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், அன்னைக்கே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போயிடுங்க.