இதயத்துக்கே உரிய மரபணு எது?

கேள்வி: எலியின் இதயத்தையும் கல்லீரலையும் ஒப்பிட்டு இதயத் தசைக்கு மட்டுமே உரிய மரபணுக்களைப் பிரித்துவிடலாமா?
— முதுகலை மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முடியாது. அப்படி ஒப்பிட்டால், உடம்பின் எல்லாத் தசைகளுக்கும் பொதுவான மரபணுக்கள்தான் பட்டியலில் முதலில் வரும். கல்லீரல் இருக்கட்டும், கூடவே தொடைத் தசையும் சோலியஸும் அவசியம் வேண்டும். சோலியஸ் கெண்டைக்காலின் அடியில் ஒட்டிக் கிடக்கும் சிவந்த, தட்டையான தசை. மெதுவாகச் சுருங்கும் வகை. இதை விட்டுவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் புரதத்துக்கான எம்.ஒய்.எச்.7 மரபணு இதயத்திலும் வேலை செய்யும், சோலியஸிலும் வேலை செய்யும். தொடைத் தசையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது இதயத்துக்கே சொந்தம் போலத் தெரியும்.

இதயத்தை எடுத்ததும் குளிர்ந்த உப்புக்கரைசலில் ரத்தம் போகக் கழுவுங்கள். இல்லையென்றால் ஹீமோகுளோபின் மரபணுக்கள் வந்து குழப்பும். மேலறை, கீழறையைத் தனித்தனியாக வெட்டுங்கள். இதய ஹார்மோன் ஒன்றுக்கான என்.பி.பி.ஏ. போன்ற மரபணுக்கள் மேலறையில்தான் மிகுதி. 30 மில்லிகிராமுக்கு மேற்படாத துண்டுகளாகத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். இதயம் நார்ப்பிடிப்பானது. ஆர்.என்.ஏ. (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்) எடுக்கும்போது, புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்த்து 55 டிகிரியில் 10 நிமிடம் வைக்காவிட்டால், ஆர்.என்.ஏ.யைப் பிரிக்கும் வடிகுழல் அடைத்துக்கொள்ளும், கிடைப்பதும் குறையும். ஒவ்வொரு திசுவுக்கும் குறைந்தது மூன்று எலிகள் வேண்டும்.

பட்டியல் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். இதயத்தில் தசைச் செல்களைவிட ரத்தக்குழாய்ச் செல்கள், நார்ச் செல்கள் போன்றவைதான் எண்ணிக்கையில் அதிகம். உங்கள் மரபணு அவற்றுடையதாகவும் இருக்கலாம். மெல்லிய சீவல்களில், இதயத் தசைச் செல்லை அடையாளம் காட்டும் ட்ரோபோனின் டி புரதத்தோடு சேர்த்துச் சாயமேற்றி, புரதம் தசைச் செல்லுக்குள்தான் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆர்.என்.ஏ. இருப்பதாலேயே புரதமும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தத் தேர்வுகளில் எல்லாம் தேறி நிற்பது டி.என்.என்.ஐ.3, அதாவது தசைச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் இதய ட்ரோபோனின் ஐ புரதத்துக்கான மரபணு. ட்ரோபோனின் ஐ-க்கு மூன்று மரபணுக்கள் உண்டு. இதய வடிவத்தின் தொடக்கத்தில் மட்டும் சுமார் 30 அமினோ அமிலங்கள் கூடுதல். உங்கள் முறை சரியா என்று பார்க்க இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: இது பட்டியலின் உச்சியில் வரவில்லையென்றால் மாதிரிகள் எங்கோ கலந்திருக்கின்றன.

கேள்வி: அப்பா துறைமுகத்தில் மீன் கூடை தூக்குபவர். தோளும் மார்பும் வலிக்க, ரத்தப் பரிசோதனையில் சி.கே.-எம்.பி. அதிகம், ட்ரோபோனின் ஐ இயல்பு. இதயத்தில் கோளாறா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: சி.கே.-எம்.பி. என்பது இதயத் தசையில் மிகுதியாக உள்ள ஒரு நொதி; எலும்புத் தசையிலும் சிறிதளவு உண்டு. கடும் உழைப்பில் தசை அடிபட்டாலும் ஏறும். ஆனால் ரத்தம் எப்போது எடுத்தார்கள் என்பது முக்கியம். வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ட்ரோபோனின் ஏறாமல் இருக்கலாம். வழக்கமான பரிசோதனையானால் 3 முதல் 6 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஈ.சி.ஜி.யோடு சேர்த்து மருத்துவர் பார்க்க வேண்டும். மறுபடி எடுக்கவில்லையென்றால் இன்றே கேளுங்கள். வியர்வை, மூச்சுத்திணறலோடு வலி திரும்பினால் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.