கொழும்புக்கு ஓடிப்போனவரை நம்ம போலீஸ் போய்ப் பிடித்து வர முடியாதா?

முடியாது. நீங்களும் சீட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவர் என்றுதான் நினைக்கிறேன். "பக்கத்து நாடுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் போலீஸின் அதிகாரம் நம் கரையோடு சரி. வாரண்ட், குற்றப்பத்திரிகை, சாட்சியம் எல்லாம் மாநில அரசு வழியாக டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்துதான் கொழும்புக்குக் கோரிக்கை போகும். பிறகு அங்கேயும் விசாரணை. ஓடிப்போனவர்களை ஒப்படைக்க நேபாளத்தோடு 1953-லும் வங்கதேசத்தோடு 2013-லும் ஒப்பந்தமே போட்டிருக்கிறோம். இலங்கையோடு அப்படி ஒப்பந்தம் இல்லை; இருப்பது 1978-ல் செய்துகொண்ட ஏற்பாடுதான்.

எங்கள் கதை சென்னை தண்டையார்பேட்டையில் நடந்தது. அம்மா காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்பவர். 2015-ல் எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் தீபாவளிச் சீட்டு கட்டினார். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது ஆள் கொழும்புக்குப் போய்விட்டார். ஸ்டேஷனில் புகார் கொடுத்தது மூன்றே பேர். மற்றவர்கள், "வரட்டும், வந்ததும் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டார்கள். அம்மாவும்தான்.

நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவர் சொல்லித்தான் விஷயமே புரிந்தது: எந்தக் குற்றத்துக்காக ஆளைக் கேட்டு வாங்குகிறோமோ, அதற்கு மட்டும்தான் இங்கே வழக்கு நடத்தலாம். ஆளை ஒப்படைப்பது பற்றிய 1962 சட்டத்தின் 21-வது பிரிவு அது. வேறு குற்றத்தைச் சேர்க்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். ஆள் வந்த பிறகு புகார் கொடுக்கலாம் என்று இருந்தால் சிக்கல் என்று தெரிந்ததும், அன்று ராத்திரியே வீடு வீடாகப் போனேன். அம்மாவின் சீட்டு அட்டை மீன் கூடைக்கு அடியில் கிடந்தது. ஈரத்தில் ஊறி, ஆறு மாதத்துக் கையெழுத்து நீலக் கறையாகியிருந்தது. மீதி ஆறு மாதம் தெளிவாக இருந்தது. மொத்தம் 31 பேரிடம் புகார் எழுதி வாங்கினேன். அதில் எனக்குப் பெருமைதான்.

"சீட்டு கட்டினால் இப்படித்தான்" என்று கமெண்டில் யாரும் வர வேண்டாம். அம்மா முதலில் போனது வங்கிக்குத்தான். முகவரியைப் பார்த்ததுமே, "அந்த ஏரியாவுக்கு லோன் கஷ்டம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு தவணைகூடத் தவறாத மனுஷி. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

போலீஸையும் நான் குறை சொல்லவில்லை. பெரிய வழக்குகளே இழுக்கின்றன. 1986 சூளைமேடு துப்பாக்கிச்சூட்டு வழக்கில் சென்னை கோர்ட் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்த டக்ளஸ் தேவானந்தா, 2010-ல் இலங்கை அமைச்சராக டெல்லிக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எங்கள் ஆள் கடைசியில் ஒப்படைக்கப்பட்டு வரவில்லை. விசா முடிந்தும் தங்கியிருந்ததால் இலங்கைக்காரர்களே விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். லுக் அவுட் நோட்டீஸ், அதாவது விமான நிலையத்தில் ஆளைக் கண்டால் நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு, இருந்ததால் மீனம்பாக்கத்திலேயே பிடித்தார்கள். இப்படித் திருப்பி அனுப்புவது வேறு, ஒப்படைப்பது வேறு. அதனால் லுக் அவுட் நோட்டீஸ் போட்டார்களா என்று முதலில் ஸ்டேஷனில் கேளுங்கள். உங்களோடு ஏமாந்த எல்லோரையும் இப்போதே புகார் எழுதச் சொல்லுங்கள்.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மா அந்த அட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வருகிறார்.