‘மிட்டிகேட்’: குறைப்பதா, தடுப்பதா? கேள்வி பதில்

கேள்வி: ‘மிட்டிகேட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் ‘குறைத்தல்’ என்று இருக்கிறது. அப்படியானால் ‘ரெட்யூஸ்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே?

பதில்: பல இடங்களில் போகலாம். ஆனால் ‘ரெட்யூஸ்’ எதை வேண்டுமானாலும் குறைக்கும்: விலை, எடை, வேகம், பக்க எண்ணிக்கை. ‘மிட்டிகேட்’ கெட்டதன் கடுமையை மட்டும்தான் குறைக்கும். அதனால் அதை அடுத்து வரும் சொல் ஏதாவது ஒரு தொல்லையாகவே இருக்கும்: ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட், லாஸ், எஃபெக்ட்ஸ். சம்பளத்தை மிட்டிகேட் செய்ய முடியாது. ‘10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக’ என்று கணக்கு சொல்லப் போகிறீர்கள் என்றால் ‘ரெட்யூஸ்’தான் பொருத்தம்.

இன்னொரு விஷயம், தொல்லை அடியோடு ஒழிந்துவிடுவதில்லை. ஆற்றங்கரையை உயர்த்தி வெள்ளத்தை ஊருக்குள் வரவிடாமல் செய்தால் அது ‘ப்ரிவென்ட்’. வெள்ளம் வரத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, வீட்டைத் தூண்கள் மேல் ஏற்றிக் கட்டினால் ‘மிட்டிகேட்’. தண்ணீர் வரும், நாசம் குறையும். லத்தீனில் ‘மிட்டிஸ்’ என்றால் மென்மையானது. அந்த வேரிலிருந்து வந்த சொல் இது.

கேள்வி: தமிழில் ஒரே சொல்லாகச் சொல்லுங்கள். ‘தணித்தல்’ சரியா?

பதில்: சரிதான், ‘பேரிடர் தணிப்பு’ என்று வழக்கிலும் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன வம்பு உண்டு. ‘தாகம் தணிந்தது’ என்றால் தாகமே போய்விட்டது என்று பொருள். ‘கோபம் சற்றுத் தணிந்தது’ என்கிறோமே, அந்தச் ‘சற்று’தான் மிட்டிகேட். என்னைக் கேட்டால் ‘மட்டுப்படுத்துதல்’ இன்னும் நெருக்கம். ‘நிவாரணம்’ என்று மட்டும் எழுத வேண்டாம். அது பாதிப்பு நடந்த பிறகு கொடுப்பது, ‘ரிலீஃப்’.

கேள்வி: எங்கள் மேலாளர் மின்னஞ்சல்களில் ‘மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்’ என்று எழுதுகிறார். சரியா ஐயா?

பதில்: தவறு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் நிறையவே செய்யும் தவறு என்பதால் அவரை ரொம்பவும் குறை சொல்ல வேண்டாம். அங்கே வர வேண்டியது ‘மிலிடேட் அகெய்ன்ஸ்ட்’. அதன் வேர் ‘படைவீரன்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ‘எதிராக நிற்கிறது, குறுக்கே வருகிறது’ என்று பொருள். ‘ஹிஸ் ஏஜ் மிலிடேட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹிஸ் ப்ரொமோஷன்’ என்றால் பதவி உயர்வுக்கு வயது இடைஞ்சலாக இருக்கிறது. மிட்டிகேட்டுக்கு ‘அகெய்ன்ஸ்ட்’, ‘ஃப்ரம்’ போன்ற முன்னிடைச்சொல்லே தேவையில்லை: ‘மிட்டிகேட் த ரிஸ்க்’, அவ்வளவுதான். ‘ரிஸ்க்கிலிருந்து’ என்று தமிழில் நினைத்துவிட்டு ‘மிட்டிகேட் ஃப்ரம் த ரிஸ்க்’ என்று எழுதுவதும் தவறு.

கேள்வி: ‘அலீவியேட்’டும் இதுவும் ஒன்றா?

பதில்: சில இடங்களில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கலாம். ஆனால் ‘அலீவியேட்’ பெரும்பாலும் இப்போது அனுபவிக்கும் துன்பத்தை லேசாக்கும்: வலி, பசி, வறுமை, மன அழுத்தம். இன்னும் வராத கேட்டுக்கும் ‘மிட்டிகேட்’ பொருந்தும். தலைவலிக்கு மாத்திரை போட்டால் அலீவியேட். ‘அலீவியேட் த ரிஸ்க்’ என்பது காதில் இடறும்.

கேள்வி: மென்பொருள் பாதுகாப்பு அறிக்கையில் ஒரு குறைபாட்டுக்கு நேரே ‘மிட்டிகேட்டட்’ என்று இருந்தது. சரிசெய்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள். இந்தச் சொல்லைச் சரியாகப் படிக்காவிட்டால் விபரீதமாகும் இடமே இதுதான். குறைபாடு உள்ள நிரல் வரியைத் திருத்தி வெளியிடுவது ‘பேட்ச்’ அல்லது ‘ஃபிக்ஸ்’. அதுவரை அந்த வசதியை முடக்கி வைப்பது, ஃபயர்வால் என்ற வலைத் தடுப்பில் அந்த வசதிக்கான போர்ட்டை, அதாவது இணைப்பு வாயிலை, அடைப்பது போன்றவை ‘மிட்டிகேஷன்’. ஓட்டை அப்படியே இருக்கிறது, அதன் வழியே நுழைவதுதான் கடினமாகியிருக்கிறது. யாராவது ஃபயர்வால் விதியை மாற்றினால் பழைய ஆபத்து திரும்பிவிடும்.

திட்ட மேலாண்மையிலும் இதே கதைதான். ஆபத்தை எதிர்கொள்ள அங்கே வழக்கமாக நான்கு வழிகள் சொல்வார்கள்: அவாய்ட், ட்ரான்ஸ்ஃபர், மிட்டிகேட், அக்செப்ட். காப்பீடு எடுப்பது ட்ரான்ஸ்ஃபர். மிட்டிகேட் செய்த பிறகும் மிஞ்சுவதற்கு ‘ரெசிஜுவல் ரிஸ்க்’ என்று தனிப் பெயரே உண்டு. மிட்டிகேட் என்றால் ஒழித்தல் என்று பொருள் இருந்தால் அந்தப் பெயருக்கு வேலையே இருக்காது.

கேள்வி: வெள்ளத்துக்காக வீட்டை உயர்த்துவதை மிட்டிகேட் என்றீர்கள். எங்கள் பருவநிலைப் பாடத்தில் அது ‘அடாப்டேஷன்’. எது சரி?

பதில்: இரண்டும் சரி. நல்ல பிடி பிடித்தீர்கள். பேரிடர் மேலாண்மையில் மட்டுப்படுத்தப்படுவது வெள்ளத்தின் பாதிப்பு, ஆகவே வீட்டை உயர்த்துவது மிட்டிகேஷன். பருவநிலைத் துறையில் மட்டுப்படுத்தப்படுவது பருவநிலை மாற்றமே. அதனால் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதும், அந்த வாயுக்களை உறிஞ்சும் காடுகளைப் பெருக்குவதும்தான் அங்கே மிட்டிகேஷன். வந்துவிட்ட மாற்றத்துக்கு ஏற்ப வீட்டை மாற்றிக்கொள்வது அடாப்டேஷன். 1992ஆம் ஆண்டின் ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையிலேயே ‘மிட்டிகேட்’ என்ற சொல் இருக்கிறது. பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. அமைப்பில் இரண்டாம் பணிக்குழு பாதிப்பையும் அடாப்டேஷனையும் பார்க்கிறது, மூன்றாம் பணிக்குழு மிட்டிகேஷனைப் பார்க்கிறது. குழப்பம் வந்தால் ‘எதன் கடுமை குறைகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ‘மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்ஸஸ்’ என்றால் குற்றவாளி விடுதலையா?

பதில்: இல்லை. குற்றம் குற்றம்தான், தண்டனையின் கடுமை குறையலாம். இளவயது, பிறர் தூண்டியது, முன்குற்றம் இல்லாமை போன்றவற்றை வைத்து வாதாடுவார்கள். எதிர்ப்பதம் ‘அக்ரவேட்டிங்’.

கேள்வி: ‘அன்மிட்டிகேட்டட் டிஸாஸ்டர்’ என்பது?

பதில்: ஆறுதலுக்கு ஒரு துளி நல்லதுகூட இல்லாத, முழுக்க முழுக்க நாசம். இந்த வடிவம் பெரும்பாலும் அழுத்தம் கொடுக்கத்தான் பயன்படுகிறது.

கேள்வி: உச்சரிப்பு, எழுத்துக்கூட்டல்?

பதில்: அழுத்தம் முதல் அசையில்: மிட்டிகேட். பெயர்ச்சொல்லில் அது ‘கே’க்கு நகர்ந்துவிடும்: மிட்டிகேஷன். நடுவில் வரும் ‘க’ தங்கத்தில் வரும் ‘க’ போல ஒலிக்க வேண்டும். அமெரிக்கர்கள் வாயில் கிட்டத்தட்ட ‘மிடிகேட்’ என்று கேட்கும். தமிழில் ‘ட்டி’ என்று எழுதுகிறோமே என்று ஆங்கிலத்தில் ‘டி’யை (T) அடுத்தடுத்து இரண்டு முறை போட்டுவிடாதீர்கள்: எம், ஐ, டி, ஐ, ஜி, ஏ, டி, ஈ.

கேள்வி: ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் கட்டுரையில் இதைப் போட்டால் மதிப்பெண் கூடுமா?

பதில்: சொல்லுக்காகக் கூடாது, சரியான துணையோடு வந்தால் கூடலாம். எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பு. அங்கே அரிய சொற்களை எப்படி இணைக்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். ‘மிட்டிகேட் த ப்ராப்ளம்’ பரவாயில்லை ரகம். ‘மிட்டிகேட் த இம்பாக்ட் ஆஃப் ட்ராஃபிக் கன்ஜெஸ்சன்’ நல்லது. 250 சொல் கட்டுரையில் ஒரு தடவை போதும். மூன்று தடவை வந்தால் மனப்பாடம் செய்தது பல்லிளிக்கும்.

பழகுவதற்கு, ஒரு தாளில் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: ஒன்றில் ‘மிட்டிகேட்’, ஒன்றில் ‘ப்ரிவென்ட்’, ஒன்றில் ‘அலீவியேட்’. மூன்றுக்கும் ஒரே தலைப்பு, உதாரணமாகத் தீ விபத்து. பிறகு வினைச்சொற்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாற்றிய பிறகும் வாக்கியங்கள் மூன்றும் இடறாமல் நின்றால் வாக்கியங்கள் போதிய அளவு கூர்மையாக இல்லை, திரும்ப எழுதுங்கள்.