கத்தரிக்கோல் வேண்டாம், டைம்லைன் போதும்: ஏஐ எடிட்டிங் கேள்வி பதில்

ஏஐ ஏஜென்ட்டை (சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ நிரல்) வைத்து வீடியோ எடிட் செய்வது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஏஜென்ட்டே எஃப்எஃப்எம்பெக் (கட்டளை எழுதி வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருள்) கட்டளை எழுதி வெட்டித் தருகிறது. அப்புறம் எதற்கு டைம்லைன் ஃபைல் (எந்த கிளிப், எங்கிருந்து, எவ்வளவு நீளம் என்ற பட்டியல்)?

முதல் கட் நன்றாகத்தான் வரும். "மூன்றாவது ஷாட்டை அரை செகண்ட் குறை" என்று சொல்லிப் பாருங்கள். முழுக் கட்டளையையும் புதிதாக எழுதும். நீங்கள் கேட்காத ஐந்தாவது ஷாட்டும் சேர்ந்து நகரும். டைம்லைன் ஃபைல் இருந்தால் ஒரே ஓர் எண் மாறும். எது மாறியது என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

எடிட்டர்களுக்கு இது பழக்கமான வேலைதான். சிஎம்எக்ஸ் 3600 என்ற பழைய இடிஎல் (வெட்டு முடிவுகளின் பட்டியல்) ஃபைலைத் திறந்தால், வரிசை எண், ரீல் பெயர், சோர்ஸ் இன், சோர்ஸ் அவுட் (ஃபுட்டேஜில் தொடக்கம், முடிவு), ரெக்கார்ட் இன், ரெக்கார்ட் அவுட் (முடிந்த வீடியோவில் தொடக்கம், முடிவு) என்று ஒரு கட்டுக்கு ஒரு வரி இருக்கும். வெட்டுகிற முடிவு ஒரு ரூமில், இறுதி வடிவம் இன்னொரு ரூமில் என்று வேலை பார்த்த காலத்து ஏற்பாடு அது. ஏஜென்ட் முதல் ரூமோடு நிற்கட்டும், முடிவை மட்டும் எழுதட்டும்.

கேள்வி: எந்த ஃபார்மட்டில் எழுத வைக்கலாம்?

ஓர் எடிட்டிங் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு டைம்லைனைக் கொண்டுபோக ஓபன்டைம்லைன்ஐஓ. பிக்சாரில் தொடங்கி, இப்போது அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனில் இருக்கிறது. ஃபைல் ஜேசான்தான் (அடைப்புக்குறிகளால் அடுக்கிய எழுத்து ஃபைல்), உள்ளே வீடியோ இருக்காது, ஃபுட்டேஜ் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும். இடிஎல்லில் வரிசை எண்ணுக்கு மூன்று இலக்கம், ரீல் பெயருக்கு எட்டு எழுத்து, வீடியோவுக்கு ஒரே டிராக். ஒரு குறும்படத்துக்கே இறுக்கும். ஃபைனல் கட் மட்டும்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் அந்த மென்பொருளின் சொந்த ஃபார்மட்டான எஃப்சிபிஎக்ஸ்எம்எல் பக்கம் போகலாம்.

ஆனால் நான் ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐ மாடலை நேரடியாக ஓபன்டைம்லைன்ஐஓ எழுத விடுவதில்லை. ஒவ்வொரு கிளிப்புக்கும் அத்தனை அடுக்கு. ஓர் அடைப்புக்குறி போனாலும் எல்லாம் போச்சு. கிளிப் பெயர், தொடக்க ஃப்ரேம், நீளம், டிராக், ஏன் வைத்தாய் என்று ஒரு வரி, இந்த ஐந்தை மட்டும் கேட்கிறேன். மிச்சத்தைச் சின்ன பைத்தான் நிரல் மாற்றிக்கொடுக்கும். அந்த "ஏன்" வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

கேள்வி: 40 நிமிடப் பேச்சு. தொடக்கத்தில் கட் எல்லாம் சரியாக விழுகிறது, போகப் போகத் தள்ளி விழுகிறது. மாடல் கணக்கில் மோசமா?

மோசம்தான், ஆனால் இங்கே குற்றவாளி 29.97 என்ற ஃப்ரேம் வீதம் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்பது). அதன் உண்மையான வீதம் 30000/1001. 40 நிமிடத்தில் இருப்பது 71,928 ஃப்ரேம். யாரோ 30 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 72,000 வரும். வித்தியாசம் 72 ஃப்ரேம், கிட்டத்தட்ட 2.4 செகண்ட்.

அதனால் புள்ளி வைத்த செகண்டை, ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் ஸ்பெக்கிலேயே அனுமதிக்காதீர்கள். முழு எண் ஃப்ரேம், பக்கத்தில் வீதம், அவ்வளவுதான். ஓபன்டைம்லைன்ஐஓவும் நேரத்தை மதிப்பு, வீதம் என்று இரண்டு எண்ணாகத்தான் வைக்கிறது. முடிவு ஃப்ரேமையும் கேட்காதீர்கள், நீளத்தைக் கேளுங்கள்: 100 முதல் 150 வரை என்றால் 150 சேர்த்தியா இல்லையா என்ற வம்பே வராது. ஃபோனில் எடுத்த ஃபுட்டேஜ் என்றால் ஃப்ரேம் வீதமே நடுவில் ஏறி இறங்கும். அதை முதலில் நிலையான வீதத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஏஜென்ட்டிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: டிஸ்ஸால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெரிவது) கேட்டால் சில இடத்தில் மட்டும் படம் உறைந்து நிற்கிறது.

ஹேண்டில், அதாவது கட்டுக்கு வெளியே உபரி ஃபுட்டேஜ், இல்லை. 24 ஃப்ரேம் டிஸ்ஸால்வை கட்டின் நடுவில் வைத்தால், முதல் கிளிப்பின் அவுட்டுக்குப் பிறகு 12 ஃப்ரேமும் அடுத்ததன் இன்னுக்கு முன்னால் 12 ஃப்ரேமும் ஃபுட்டேஜில் உபரியாக இருந்தாக வேண்டும். ஏஜென்ட் இரண்டாவது கிளிப்பை ஃப்ரேம் பூஜ்யத்திலிருந்து எடுத்திருக்கும். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? ஏஜென்ட்டுக்கும் ரெண்டருக்கும் (வீடியோவை உருவாக்கும் கட்டம்) நடுவில் ஒரு சரிபார்ப்பு நிரல் வையுங்கள். "கிளிப் 7: முன்னால் 12 ஃப்ரேம் வேண்டும், 0 இருக்கிறது" என்று எண்ணோடு திருப்பி அனுப்பினால் மாடல் தானே திருத்திவிடும். "பிழை" என்று மட்டும் சொன்னால் வேறெதையாவது கெடுத்து வைக்கும்.

கேள்வி: விஸ்பர் (பேச்சை எழுத்தாக்கும் மாடல்) தரும் சொல் நேரத்தை வைத்து வெட்டினால் சொல்லின் வால் அறுபடுகிறது.

அந்த நேரம் ஓர் ஊகம். அதைக் கிட்டத்தட்ட என்று எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள மௌனத்தைத் தேடி அங்கே வெட்டுங்கள். எஃப்எஃப்எம்பெக்கிலேயே மௌனம் கண்டுபிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. எந்த வாக்கியம் போகலாம் என்பதை மாடல் சொல்லட்டும். எந்த ஃப்ரேம் என்பதை நிரல் சொல்லட்டும்.

கேள்வி: தமிழ் சப்டைட்டிலில் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன.

"கொ"வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால். அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் மாதிரியான ஷேப்பிங் எஞ்சின் (எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து அடுக்கும் நிரல்). எஃப்எஃப்எம்பெக்கில் வீடியோ மேல் எழுத்துப் பதிக்கும் டிராடெக்ஸ்ட் ஃபில்டர் பழைய பதிப்புகளில் அதைச் செய்யாது. சப்டைட்டில் வரையும் லிப்ஆஸ் வழியாக ஏஎஸ்எஸ் சப்டைட்டில் ஃபைலாகப் போடுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு கொடுங்கள். டைம்லைனில் சப்டைட்டிலைத் தனி டிராக்காக வைத்திருந்தால் இந்த மாற்றத்துக்கு ஒரு கட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டர்கள் பிழைப்பு போய்விடுமா?

மூன்று மணி நேர ரிசப்ஷன் ஃபுட்டேஜில் கேமரா தரையைப் பார்த்த இடங்களை எடுத்துப்போட ஏஜென்ட் போதும். எந்த அத்தையின் முகம் கட்டாயம் வரணும் என்பது அதற்குத் தெரியாது.

கேள்வி: தான் வெட்டியதை ஏஜென்ட் எப்படிப் பார்க்கும்?

முழு வீடியோவையும் திருப்பிக் காட்டினால் செலவு ஏறும். குறைந்த அளவில் ஒரு டிராஃப்ட் ரெண்டர் போட்டு, ஒவ்வொரு கட்டிலும் முந்தைய ஃப்ரேம், அடுத்த ஃப்ரேம் இரண்டையும் எடுத்து ஒரே படமாக ஒட்டிக் காட்டுகிறேன். 40 கட் என்றால் 80 கட்டம், கீழே கிளிப் எண். ஒருமுறை 31ஆம் கட்டில் இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒரே முகம். ஒரே ஷாட்டைத் தானே இரண்டாக வெட்டி மறுபடி ஒட்டி வைத்திருந்தது. அந்தப் படத்தைக் காட்டியதும், "31, 32 ஒரே கிளிப்பாகலாம்" என்று அதுவே டைம்லைனைத் திருத்தி அனுப்பியது.