சிறுவர் சந்தையில் விற்பது யார்?

கேள்வி: வெள்ளவத்தையில் உள்ள பாடசாலை ஒன்றில் என் மகள் மூன்றாம் தரத்தில் படிக்கிறாள். அடுத்த மாதம் பிள்ளைகளே பொருள் விற்றுப் பழகும் சிறுவர் சந்தை. சென்ற வருடம் சமைத்ததும் விற்றதும் காசு வாங்கியதும் பெற்றோரே. பிள்ளைகள் அழகாக உடுத்து நின்றார்கள். இதனால் படிப்புக் கெடுகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். இம்முறை எப்படி நடத்தலாம்?

பதில்: முதலில் ரோல்ஸ், கட்லட், கேக் வகைகளை நிறுத்துங்கள். அவை இருக்கும்வரை வேலை தாய்மாரின் அடுப்படியைவிட்டு நகராது. எட்டு வயதுப் பிள்ளை தானே கழுவி, எண்ணி, கட்டுப்போடக்கூடிய பொருட்கள் போதும்: வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை, ரம்பை, தேசிக்காய், கொய்யா, கச்சான். மாடிவீட்டில் தோட்டத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வெந்தயத்தை ஒரு தட்டு மண்ணில் தூவி ஜன்னலோரம் வைத்தால் சந்தை நாளுக்குள் கீரை வந்துவிடும். இன்றே தூவச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் முன்னதாக, போதிய பெரியவர்களின் துணையோடு பிள்ளைகளை வெள்ளவத்தைச் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று வியாபாரிகளிடம் அவர்களே கேட்கட்டும். வகுப்பில் படித்த சிங்களமும் அங்கே உதவும். லீக்ஸ் நுவரெலியாவிலிருந்தும் சின்ன வெங்காயம் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருவதைக் கேட்டு வந்து, வகுப்பில் இலங்கைப் படத்தில் குறித்தால் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடம் அங்கேயே நடந்துவிடுகிறது.

இனி விலை. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். எல்லாவற்றுக்கும் 50, 100 ரூபாய் என்று விலை போடாதீர்கள். மிச்சக் காசு கொடுக்கும் தேவையே இல்லாவிட்டால் பிள்ளை கணக்குப் போட இடமேது? ஒரு கட்டு 65 ரூபாய் என்று வையுங்கள். வாங்குபவர் 100 ரூபாய்த் தாள் தருகிறார். பிள்ளை மனதுக்குள் 100இலிருந்து 65ஐக் கழிக்கப் போனால் தடுமாறும். கடைக்காரர்போல ஏறிச் செல்லப் பழக்குங்கள்: ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து “எழுபது”, பத்தை வைத்து “எண்பது”, இருபதை வைத்து “நூறு”. வாங்குபவரின் கையில் ஒவ்வொன்றாக வைத்து, சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் வகுப்பில் விளையாட்டுக் காசை வைத்துப் பழகினால், சந்தையன்று உண்மைக் காசைக் கண்டு பயப்பட மாட்டார்கள்.

மேசைக்கு இருவர்: ஒருவர் பொருள் கொடுக்க, மற்றவர் காசு வாங்க. பாதி நேரத்தில் கட்டாயம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை கடைசிவரை காசுப் பெட்டியைவிட்டு எழும்பாது, கூச்சமுள்ள பிள்ளை கறிவேப்பிலையைக் கட்டிக்கொண்டே இருக்கும். பெற்றோர் வாங்குபவர்களாக மட்டும் வரட்டும். 500 ரூபாயை நீட்டி “மிச்சத்தை வைத்துக்கொள், மகள்” என்று சொல்லும் அன்புதான் பிள்ளையின் கணக்கைக் குழப்புகிறது. வாசலிலேயே ஓர் ஆசிரியர் பெரிய தாள்களைச் சில்லறையாக மாற்றிக் கொடுக்கட்டும்.

வாங்க வரும் பிள்ளைகளுக்கும் ஒரே செலவு வரம்பு வேண்டும். அந்தக் காசைக் கொண்டுவர முடியாத பிள்ளைக்கு, மற்றவர்கள் அறியாமல், வகுப்பு நிதியிலிருந்து ஆசிரியர் முதல்நாளே கொடுத்துவிட வேண்டும். இதில் தவறினால் மற்ற எல்லாம் வீண்.

பழைய பத்திரிகைத் தாளில் பை ஒட்டுவது நல்ல கைவேலை. ஆனால் அச்சு மை ஒட்டும் என்பதால் தோலுரித்த பழத்தையும் எண்ணெய்ப் பண்டங்களையும் அதில் போட வேண்டாம்.

மறுநாள் முதல் பாடவேளையைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். போட்ட முதல் எவ்வளவு, விற்றது எவ்வளவு, இலாபமா நட்டமா? வல்லாரை வாடிப்போய் நட்டம் வந்தாலும் நல்லதுதான். ஏன் விற்கவில்லை, அடுத்தமுறை எத்தனை கட்டுப் போதும் என்று பேசவைக்கலாம். இலாபத்தை என்ன செய்வது என்பதையும் பிள்ளைகளே கைதூக்கித் தீர்மானிக்கட்டும்.

படிப்புக் கெடுகிறது என்பவர்கள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் விலைப்பலகை எழுதுவது தாய்மொழி, மிச்சம் கொடுப்பது கணிதம். நம் ஆரம்பக் கல்விப் பாடத்திட்டமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றையும் சேர்த்து அமைத்ததுதான். விவாதம் வேண்டாம். மறுநாள் கணக்குத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அதைப் பிள்ளையையே விளக்கச் சொல்லிக் கேட்கும்படி அந்தப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.