பள்ளிக்கல்வியைச் சந்தைபோல நடத்தினால் வடசென்னையின் அரசுப் பள்ளிகளுக்கு என்ன ஆகும்?

சந்தை முறை என்றால், பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்குப் பிள்ளையோடு சேர்ந்து அரசுப் பணமும் போவது. சிலி நாடு இந்த முறையை 1981-இல் தொடங்கியது. இங்கே முழுதாக இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அதன் சாயல் உண்டு. தண்டையார்பேட்டையில் ஓர் ஏழைப் பிள்ளை அதன்படி தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்ந்தால், செலவை அரசு ஈடுகட்ட வேண்டும்.

சிக்கல் எங்கே? ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் ஏறினாலும் இரண்டு பேர் ஏறினாலும் டீசல் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். பள்ளியும் அப்படித்தான். ஐந்து பிள்ளைகள் போனதால் கட்டடச் செலவு குறையாது. ஆசிரியர் பணியிடம் மட்டும் தலையை எண்ணித்தான் கிடைக்கும்.

அப்புறம், முதலில் கிளம்புவது விண்ணப்பம் போட நேரமும் விவரமும் உள்ள வீடுகள். விடியுமுன் காசிமேடு மீன் ஏலத்துக்கு ஓடும் அம்மாவின் பிள்ளை பழைய பள்ளியிலேயே இருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. சிகாகோவில் பிள்ளைகள் குறைந்ததைக் காரணம் காட்டி 2013-இல் சுமார் 50 அரசுப் பள்ளிகளை மூடினார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில்.

“போட்டி வந்தால் அரசுப் பள்ளி தானாகத் திருந்தும்” என்று பலரும் நினைக்கிறார்கள். சரி, ஆனால் போட்டி போட ஆசிரியரும் பணமும் வேண்டுமே. பிள்ளைகள் குறைந்ததும் முதலில் கைவிட்டுப் போவது அவைதான்.