மீன்பாடு இல்லாத நாள்ல கடல்ல என்ன பண்றது? கேள்வி பதில்

நேத்து சென்னை பக்கத்து கோவளத்துலேர்ந்து ஃபைபர் போட்ல மூணு பேர் காலைல 5 மணிக்கு கெளம்பி போயி 11 மணி வரைக்கும் சுத்துனதுல ஒரே ஒரு சீலா மீன். அத சொன்னதுலேர்ந்து வந்த கேள்விங்களுக்கு இங்கயே பதில் சொல்லிடறேன்.

அண்ணா, 2 மணி நேரம் ட்ரோலிங் (ஓடற போட்டுக்குப் பின்னாடி தூண்டில இழுக்கறது) பண்ணியும் ஒரு கடி இல்ல, அப்ப என்ன மாத்துவீங்க?

தம்பி, இடத்த மாத்தறதுக்கு முன்னாடி தண்ணியப் பாரு. கலங்கலும் நீலமும் சேர்ற கோடு தெரியுதா, ஆலா பறவைங்க ஒரே எடத்துல விழுந்து எழும்புதா, மெதக்கற கட்டை, ஓலை எதாவது இருக்கா, அது ஓரமா ஓட்டு. வெயில் ஏறிட்டா மீன் கீழ எறங்கிடும், அதனால மேல ஓடற லூர (பொய் இரை) எடுத்துட்டு ஆழமா முங்கறத போடு. அதுவும் இல்லன்னா பாருக்கு (கடலுக்கு அடில இருக்கற பாறைத் திட்டு) மேல இஞ்சின நிறுத்தி ஜிக் (கனமான உலோக லூர்) எறக்கு, கலவா மீனோ பாரை மீனோ கெடைக்கலாம். தண்ணி ரொம்ப தெளிஞ்சிருந்தா லூருக்கு முன்னாடி கட்டற தடிச்ச கம்பி லீடர் மீனுக்கு தெரியும், மெல்லிசா போடு, ஆனா கம்பியே இல்லாம வஞ்சிரத்துக்கு போகாத, பல்லுல தங்கூசிய (நைலான் நரம்பு) அறுத்துட்டு போயிடும். ஒரு நேரத்துல ஒன்னு மட்டும் மாத்து, அப்பதான் எது வேல செஞ்சுதுன்னு தெரியும்.

வஞ்சிரத்துக்கு எந்த லூர் ப்ரோ?

நீளமான மின்னோ (சின்ன மீன் மாதிரி இருக்கற லூர்), ஆழம் போறது ஒன்னு, மேல ஓடறது ஒன்னு.

பௌர்ணமிக்கு மறுநாள் போனா அப்படித்தான், ராத்திரி நிலா வெளிச்சத்துல தின்னுட்டு காலைல பசி இருக்காது. இது தெரியாதா உங்களுக்கு?

நானே பௌர்ணமி மறுநாள் 2 வஞ்சிரம் எடுத்திருக்கேன் நண்பா. சென்னை பக்கம் அமாவாசை பௌர்ணமியிலயே ஏத்தவத்தம் ஏறக்கொறைய 1 மீட்டர்தான், நீரோட்டம்தான் பெரிய விஷயம். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் தெற்க பாஞ்சு ஆத்துத்தண்ணியையும் சேத்து இழுத்துட்டு வரும், பிப்ரவரி வாக்குல வடக்க திரும்பிடும்.

எங்க தாத்தா நிலா பாத்துதான் கடலுக்கு போனாரு, அவரு பொய்யா?

பொய்னு நான் சொல்லவே இல்ல. தாத்தா நிலாவ மட்டுமா பாத்தாரு? காத்து, தண்ணி நெறம், நீவாடு (நீரோட்டம்) எல்லாம் பாத்துத்தான் கெளம்பிருப்பாரு. நாம நிலாவ மட்டும் பிடிச்சுக்கறோம்.

எந்த லூர் வாங்கலாம் ப்ரோ?

மேல சொல்லிட்டேன்.

ஜிபிஎஸ் லொக்கேஷன் அனுப்புங்க?

மாட்டேன். அந்த பாரு அந்த ஊர்க்காரங்க பொழப்பு. ஐதராபாத்ல இருக்கற இன்கோய்ஸ்ங்கற கடல் தகவல் மையம் சாட்டிலைட்ட வெச்சு கடல் சூடும் பாசியும் பாத்து மீன் இருக்கற பக்கத்த சொல்றாங்க, அதப் பாருங்க.

மீனே படலன்னா 3 மணி வரைக்கும் இருந்து பாக்கலாமா?

வேண்டாம், இதத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன். மார்ச் ஏப்ரல்ல 11 மணிக்கு மேல கடக்காத்து ஏறும், கரைக்கு திரும்பறப்ப அலை முதுகுல தள்ளும், சின்ன போட் அணியம் (முன்பக்கம்) முங்கி கவுந்துடும். வெறும் ஐஸ் பொட்டியோட வரக்கூடாதுன்னு பிடிவாதமா இருக்கற நாள்தான் ஆபத்து. லைஃப் ஜாக்கெட்ட சீட்டுக்கு அடில வெக்காம மேல போடுங்க, கில் சுவிட்ச் (ஆள் விழுந்தா இஞ்சின நிறுத்தறது) கயித்த கையில மாட்டுங்க, 11 மணிக்கு லைன சுத்திட்டு திரும்புங்க.

எந்த லூர் நல்லதுண்ணா?

தம்பி, ரெண்டாவது பதில்.